175 கிராம் தட்டா, வளையமா, நிதி திரட்டும் புதுத் தட்டா?

ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும். அந்தக் காற்றில் ஃபிரிஸ்பீ என்னும் எறிந்து பிடிக்கும் பிளாஸ்டிக் தட்டு பறப்பதில் என்ன அதிசயம்? இணையத்தில் பலரிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுநிதி கேட்டு வரும் புதுத் தட்டு வீடியோக்களைப் பார்க்கையில் முதலில் எழ வேண்டிய சந்தேகம் இது. நடுவில் துளை, விளிம்பில் இறக்கை, மேலே வரிப்பள்ளம் என்று வடிவம் ஆளுக்கு ஆள் மாறும். 'யார் எறிந்தாலும் இருமடங்கு தூரம்' என்ற வாக்கு மட்டும் மாறாது. ரேஸ்கோர்ஸ் மைதானத்திலோ கல்லூரித் திடலிலோ எறிபவர் காசை எதில் போடலாம் என்று பழைய தட்டு, வளையம், புதுத் தட்டு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் பழசு. இரண்டு அணிகள் தட்டை எறிந்து பிடித்து ஆடும் அல்டிமேட் ஆட்டத்துக்கான தட்டு 175 கிராம், குறுக்களவு சுமார் 27.3 சென்டிமீட்டர். டிஸ்கிராஃப்ட் நிறுவனத்தின் அல்ட்ராஸ்டார் தட்டு 1991 முதல் அமெரிக்கப் போட்டிகளில் இருக்கிறது. எடையில் பெரும்பங்கு கனத்த விளிம்பில் இருப்பதால் சுழற்சி சீக்கிரம் சாகாது. மேற்புறத்து வட்டக் கோடுகள் ஃபிரிஸ்பீ தயாரித்த வாம்-ஓ நிறுவனத்தின் எட் ஹெட்ரிக் 1967-ல் காப்புரிமை பெற்ற யோசனை. இங்கே ஒரு எச்சரிக்கை: பொம்மைக் கடையில் தொங்கும் மெல்லிய தட்டு இதுவல்ல. மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் 100 கிராமைத் தொடாது. அது எதிர்காற்றில் அப்பளம் போலப் புரளும். 'சாதாரணத் தட்டைவிட நாங்கள் மேல்' என்று காட்டும் விளம்பரங்களில் பல நேரம் அந்தச் 'சாதாரணத் தட்டு' இந்தப் பொம்மைத் தட்டுதான்.

அடுத்து வளையம். ஏரோபி என்னும் எறிவளையத்தை 1984-ல் கொண்டுவந்தவர் ஆலன் அட்லர். பின்னாளில் ஏரோபிரஸ் காபிக் குழலைச் செய்தவரும் இவரே. குறுக்களவு 33 சென்டிமீட்டர், தடிமன் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். 2003-ல் எரின் ஹெம்மிங்ஸ் இதை 406.3 மீட்டர் எறிந்தார். தூரத்துக்கு இதுவரை வந்ததில் உண்மையிலேயே புதுமை என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். அந்தப் புதுமைக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அட்லரின் முந்தைய வளையமான ஸ்கைரோ ஒரு குறிப்பிட்ட வேகத்தில் எறிந்தால்தான் நேராகப் போகும். முன்விளிம்பு காற்றைக் கீழே தள்ளிவிடுவதால் பின்விளிம்புக்குத் தூக்குவிசை குறைகிறது. தூக்கும் மையம் முன்னால் போய் மூக்கு மேலே எழப் பார்க்கிறது. சுழலும் பொருளில் அந்த விசை 90 பாகை தள்ளி வேலை செய்யும். அதனால் வலக்கையால் உடலுக்குக் குறுக்கே இழுத்து எறியும் பேக்ஹேண்டில் வளையம் இடப்பக்கம் சாய்ந்து விழும். வெளிவிளிம்பில் ஒரு சிறு உதடு சேர்த்துத்தான் பல வேகங்களிலும் சமநிலை வந்தது. அந்த உதட்டைக் கண்டுபிடிக்க அவருக்குப் பல ஆண்டுகள் ஆயின. ஆறு மாதத்தில் இதே சிக்கலைத் தீர்த்துவிட்டதாகச் சொல்பவரிடம் இதைத்தான் கேட்க வேண்டும்: மெதுவாக எறிந்தால் எந்தப் பக்கம் சாய்கிறது, வேகமாக எறிந்தால் எந்தப் பக்கம்?

வளையத்தின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. அதைக் கைக்குள் பிடிப்பது சிரமம். அல்டிமேட் மைதானமே மொத்தம் 100 மீட்டர் நீளம், 37 மீட்டர் அகலம்தான். 150 மீட்டர் போகும் வளையத்துக்கு ஊருக்குள் இடமில்லை. மாடியிலோ பனைமரத்திலோ மாட்டினால் ஏணி தேட வேண்டியதுதான். ஆளில்லாத வறண்ட கண்மாய்த் தரையில் எறியலாம். ஆனால் அங்கே சீமைக்கருவேல முள் இருக்கிறது. மென்ரப்பர் விளிம்பை அது கிழித்துவிடும். கிழிசல் நீண்டால் உதட்டின் வேலை கெடும், வளையம் மறுபடி சாயத் தொடங்கும். 175 கிராம் தட்டில் அதே முள் ஒரு கீறலோடு போய்விடும். 400 நம்பர் உப்புத்தாள் கொண்டு சொரசொரப்பைத் தேய்த்துவிட்டால் போதும்.

இனி புதுத் தட்டு. ஒரே கை, ஒரே எடை, ஒரே வேகம் என்றால் தட்டுக்குக் கிடைக்கும் ஆற்றல் அதிகரிக்காது. 175 கிராமை நொடிக்கு 25 மீட்டரில் எறிந்தால் சுமார் 55 ஜூல், அவ்வளவுதான். தூரம் கூட வேண்டுமானால் காற்றின் இழுவை குறைய வேண்டும். அதற்கு மெலிய வேண்டும், இல்லையென்றால் சிறுக்க வேண்டும். மெலிந்தால் வளையம், சிறுத்தால், தட்டை எறிந்து கூடையில் விழவைக்கும் டிஸ்க் கோல்ஃப் ஆட்டத்துத் தட்டு. இரண்டும் ஏற்கனவே விற்பனையில் உள்ளவை. டிஸ்க் கோல்ஃப் தட்டின் 338 மீட்டர் சாதனை 2016-ல் நெவாடாவின் பாலைவனத்தில், பலத்த பின்காற்றில் வந்தது. பிடிக்கவும் சுகம், மிதக்கவும் சுகம், தூரமும் இரட்டிப்பு என்று மூன்றையும் சேர்த்துக் கேட்பவர் எதை விட்டுக்கொடுத்தார் என்று சொன்னால் நம்பலாம். 'பேட்டன்ட் பென்டிங்' (காப்புரிமை நிலுவையில்) என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விண்ணப்பம் போட்டாலே அந்தச் சொல்லை எழுதலாம்.

அதைவிடப் பெரிய சிக்கல் பட்டறையில்தான். வீடியோவில் பறப்பது பெரும்பாலும் 3டி பிரிண்டரில் செய்த மாதிரி. அந்தப் பிரிண்டரில் அதிகம் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 பாகை செல்சியஸ் பக்கத்திலேயே இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் காரின் பின்கண்ணாடிக்கு அடியில் கிடந்தால் வடிவம் போய்விடும். உள்ளே பின்னல் போல வெற்றிடம் இருப்பதால் எடை எங்கே விழுகிறது என்பதும் அச்சில் வார்த்த தட்டிலிருந்து மாறும், சுழற்சியும் மாறும்.

விற்பனைக்கு வருவது இன்ஜெக்ஷன் மோல்டிங், அதாவது உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் பாய்ச்சி வார்த்தது. மதுரையை அடுத்த கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் டை (அச்சு) செய்பவரிடம் கேட்டால் முதலில் சுருக்கத்தைப் பற்றித்தான் பேசுவார். பாலிஎத்திலீன் 2 சதவீதம் சுருங்கினாலே 273 மில்லிமீட்டரில் ஐந்தரை மில்லிமீட்டர் காணாமல் போகும். கனத்த விளிம்பு பிறகு ஆறும், மெல்லிய நடு முன்பே ஆறிவிடும். விளைவு: தட்டு கிண்ணம் போலக் குழியும் அல்லது புடைக்கும். நடுவிலிருந்து பிளாஸ்டிக்கைப் பாய்ச்சினால் எல்லாப் பக்கமும் சமமாக நிரம்பும். நடுவில் ஓட்டை உள்ள வடிவத்துக்கு அந்த வசதி இல்லை. விளிம்பில் ஒரே இடத்தில் பாய்ச்சினால் இரண்டு ஓட்டங்களும் எதிர்ப்பக்கம் சந்தித்து ஒட்டுக்கோடு விழும். கீழே விழுந்தால் முதலில் வெடிக்கும் இடம் அதுதான். இதையெல்லாம் சரிசெய்ய அச்சை இரண்டு மூன்று முறை திருத்த வேண்டிவரும். திரட்டும் தொகை அச்சுக்கூலிக்கே பத்தாவிட்டால், தட்டு வரும் நாள் தள்ளிக்கொண்டே போகும்.

பணம் கட்டும் இடமும் கடை அல்ல. கூட்டுநிதித் தளமான கிக்ஸ்டார்ட்டர் 5 சதவீதம் எடுத்துக்கொள்ளும், பணப்பரிமாற்றக் கட்டணம் தனி. பொருள் வந்து சேரும் என்ற உத்தரவாதம் அது தருவதில்லை. அங்கே இலக்கை எட்டாவிட்டால் யாரிடமும் பணம் எடுக்கப்படாது. இலக்கு எட்டாமலே திரண்டதை எடுத்துக்கொள்ளும் முறை வேறு தளங்களில் உண்டு, ஆகவே எது என்று பார்த்துக் கட்டுங்கள். கிக்ஸ்டார்ட்டரில் வந்த திட்டங்களில் 9 சதவீதம் வாக்களித்ததைத் தரவே இல்லை என்று 2015-ல் அமெரிக்கப் பேராசிரியர் ஈத்தன் மோலிக்கின் ஆய்வு கண்டது. பத்தில் ஒன்று என்பது அவ்வளவு பயங்கரம் இல்லைதான். ஆனால் வந்து சேருவது வீடியோவில் பறந்த அதே தட்டா என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்க வரியும் உங்கள் தலையில்.

வீடியோவை இப்படிப் பாருங்கள். கையை விட்டது முதல் தரையில் விழுவது வரை வெட்டில்லாமல் ஒரே ஷாட்டா? எறிபவர் நிற்குமிடம் மேடா? பின்னணியில் மரக்கிளை எந்தப் பக்கம் சாய்கிறது? நேர்மையான சோதனை பெரிய செலவு பிடிக்காது. ஒரே ஆள், 175 கிராம் தட்டும் புதியதும் தலா 20 எறி, மாற்றி மாற்றி. பத்து காற்றோடு, பத்து காற்றுக்கு எதிராக. 50 மீட்டர் டேப்பால் விழுந்த இடத்தை அளந்து சராசரி சொன்னால் போதும். ஆடியில் இங்கே மேற்குக்காற்று விடாமல் அடிக்கும், ஆக அந்த மாதத்தில் எதிர்காற்று எறிகள்தான் உண்மை பேசும். இந்தச் சராசரியைப் போடாமல் 'அதிகபட்ச தூரம்' மட்டும் போடுபவருக்கு அதைப் போடாத காரணம் தெரிந்திருக்கும்.

ஆகவே ஆட்டத்துக்கு என்றால் 175 கிராம் ஒன்று, அதில் மாற்றமில்லை. தூரம் பார்க்கும் ஆசைக்கு வளையம், திறந்தவெளியும் தேடிப்போக ஆளும் இருந்தால். புதுத் தட்டு முதல் வார்ப்பு வந்து, ஒருவர் கடையில் தராசில் வைத்து விற்கும் வரை காத்திருக்கலாம். ஏற்கனவே பணம் கட்டிவிட்டவர்கள் இரண்டே படங்கள் கேளுங்கள்: அச்சிலிருந்து வந்த தட்டு தராசின் மேல் இருப்பது, அதே தட்டு கண்ணாடி மேல் கவிழ்ந்திருப்பது. விளிம்பு சுற்றிலும் கண்ணாடியைத் தொடாவிட்டால் அச்சு இன்னும் திருத்தத்தில் இருக்கிறது என்று கணக்கு.