நாற்பது பேர் விருந்துக்குப் புகைக்கறி: எந்த ஸ்மோக்கர், எந்தக் கறி?

முதலில் கணக்கு. ஆளுக்கு 150 கிராம் வெந்த கறி என்றால் 40 பேருக்கு 6 கிலோ. மெதுவாகப் புகையில் வேகும் கறி எடையில் கிட்டத்தட்ட பாதியை இழந்துவிடும். எனவே பச்சைக் கறியாக 12 கிலோ வாங்க வேண்டும். இவ்வளவையும் 110 முதல் 120 டிகிரி செல்சியஸ் சூட்டில் பத்து மணி நேரம் தாண்டியும் வைத்திருக்க வேண்டும். வந்தவர்களைக் கவனித்துக்கொண்டே இதைச் செய்ய எந்த ஸ்மோக்கர், அதாவது புகையில் கறியை வேகவைக்கும் அடுப்பு, தோது?

ருசி மட்டும்தான் முக்கியம் என்றால் ஆஃப்செட் ஸ்மோக்கர். பக்கவாட்டு அறையில் விறகு எரியும். சூடும் புகையும் கறியைத் தழுவிக்கொண்டு மறுமுனைக் குழாய் வழியே வெளியேறும். நன்றாக எரியும் விறகின் மெல்லிய நீலப் புகைக்கு ஈடே இல்லை. ஆனால் அரை மணி, முக்கால் மணிக்கு ஒருமுறை கட்டை போட்டாக வேண்டும். காற்று குறைந்தால் அடர்ந்த வெள்ளைப் புகை கிளம்பிக் கறி கசந்துவிடும். நெருப்பை ஒட்டிய துண்டு முந்திக்கொண்டு வேகும் என்பதால் இடம் மாற்றி மாற்றி வைக்கவும் வேண்டும். அடுப்போடு நிற்பதற்கென்றே ஓர் ஆள் இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள்.

பெல்லட் ஸ்மோக்கர் இதற்கு நேர் எதிர். மரத்தூளை அழுத்திச் செய்த வில்லைகளை மோட்டார் தானே தள்ளும், விசிறி காற்று ஊதும், குறித்த சூடு பெரிதாக மாறாது. புகைமணம் மிதமாகத்தான் ஏறும். மின்சாரம் நின்றால் எல்லாம் நின்றுவிடும். ஈரம் பட்ட பெல்லட் உப்பி உதிர்ந்து வழியை அடைத்துக்கொள்ளும்.

என் தேர்வு, நடுவில் தண்ணீர்த் தட்டு வைத்த செங்குத்தான கரி ஸ்மோக்கர். அடியில் பற்றவைக்காத கரியை நிரப்பி, மேலே கொஞ்சம் கனன்ற கரியைக் கொட்டினால் நெருப்பு மெல்ல மெல்லப் பரவும். கீழே உள்ள காற்றுத் துளைகளைப் பாதி மூடிச் சூட்டை நிலைநிறுத்திவிட்டால் பல மணி நேரம் பெரிதாகத் தொட வேண்டியிருக்காது. ஓக் அல்லது ஆப்பிள் மரத் துண்டுகள் நாலைந்து போதும். பெயின்ட் அடித்த மரமும் பிசின் நிறைந்த பைனும் கூடவே கூடாது. இரண்டு அடுக்குகளிலும் சேர்த்து அந்த 12 கிலோவும் அடங்கிவிடும். உருண்டை மூடி போட்ட சாதாரண கரி அடுப்பான கெட்டில் கிரில்லில் இத்தனை பேருக்கு இடம் போதாது.

எதை எடுத்தாலும் வெட்டவெளியில்தான் வைக்க வேண்டும். திறந்திருக்கும் கார் ஷெட்டில்கூட வேண்டாம். கார்பன் மோனாக்சைடு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது.

கறியில் போட்டி, பிரிஸ்கெட் எனப்படும் மாட்டு நெஞ்சுக்கறிக்கும் பன்றித் தோள்கறிக்கும்தான். பிரிஸ்கெட்டின் ஒரு பாதி கொழுப்பு குறைந்தது. கொஞ்சம் அசந்தால் வறண்டுவிடும். பரிமாறும் நேரத்தில்தான் நறுக்கவும் முடியும். தோள்கறியில் கொழுப்பு உள்ளே ஊடுருவிக் கிடப்பதால் ஒரு மணி நேரம் கூடக்குறைய ஆனாலும் தாங்கும். உள்சூடு 95 டிகிரியைத் தொட்டதும் கையால் பிய்த்துவிடலாம். கூட்டத்துக்கு இதுதான் சரி. பன்றி சாப்பிடாதவர்களுக்குக் கோழித் தொடை: உள்சூடு 74 டிகிரியாவது வர வேண்டும், 80 தாண்டினால் இன்னும் மிருது. குறைந்த சூட்டில் தோல் ரப்பராகிவிடும் என்பதால் கடைசியில் தீயைக் கூட்டுங்கள்.

தோள்கறியின் உள்சூடு 70 டிகிரியை ஒட்டி மணிக்கணக்கில் நகராமல் நிற்கும். மேற்பரப்பில் ஈரம் ஆவியாகிச் சூட்டைத் தின்பதுதான் காரணம். பயந்து கரியைக் கொட்டாதீர்கள். அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றினால் மறுபடி ஏறும். இந்தத் தாமதத்தையும் சேர்த்து, பந்திக்கு மூன்று மணி நேரம் முன்பே வெந்து முடியும்படி தொடங்குங்கள். சுற்றிய தாளோடு பழைய துவாலைகளில் பொதிந்து ஐஸ் பெட்டிக்குள் ஐஸ் இல்லாமல் வைத்தால் அதுவரை சூடு தாங்கும். உள்சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் தெர்மாமீட்டரைக் குத்திவைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.