ஹைட்ராலிக் பிரஸ்ஸா, மெக்கானிக்கல் பிரஸ்ஸா: முதல் ஓட்டத்தில் எது அதிகம் சோதிக்கிறது?

பிரஸ், அதாவது உலோகத்தை அழுத்தி வடிவமைக்கும் இயந்திரம், புதிதாக நிறுவப்பட்டு முதன்முதலாக ஓடும்போது செய்ய வேண்டியவை: மட்டம் பார்ப்பது, எர்த் இணைப்பைச் சரிபார்ப்பது, மோட்டாரை ஒரு நொடி தட்டிவிட்டுச் சுழலும் திசையைக் கவனிப்பது. இதுவரை இரண்டுக்கும் ஒரே வழிதான்.

எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் முதல் எதிரி, எண்ணெயில் சிக்கிய காற்று. ரிலீஃப் வால்வைத் (அழுத்தம் மிஞ்சாமல் காக்கும் வால்வு) தளர்த்தி, அழுத்தமின்றி ஓட்டி, ராமை (மேலும் கீழும் நகர்ந்து அழுத்தும் பகுதி) மெதுவாக ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். ராம் துள்ளித் துள்ளி இறங்கினாலோ, தொட்டியில் எண்ணெய் நுரைத்தாலோ காற்று இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். பிறகு அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டிக் கசிவு பார்க்கலாம். கையால் தடவிப் பார்க்கவே கூடாது. உயர் அழுத்த எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஒரு அட்டைத் துண்டு போதும்.

மெக்கானிக்கல் பிரஸ்ஸில் அழுத்தத்தை இப்படிக் கூட்டிக் குறைக்க வழியில்லை. கிளட்ச் பிடித்தவுடன் ஃபிளைவீலில் (சுழலும் கனமான சக்கரம்) சேர்ந்திருக்கும் ஆற்றல் முழுவதும் பின்னால் நிற்கிறது. டையின் (உலோகத்துக்கு வடிவம் தரும் அச்சு) உயரம் சற்றுக் கூடினாலும் ராம் கீழ் முனையில் சிக்கிக்கொள்ளும். அதை விடுவிப்பது பெரும்பாடு. ஆகவே உயவு எண்ணெய் எல்லாத் தாங்கிகளுக்கும் போகிறதா என்று பார்த்தபின், டை இல்லாமல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஸ்ட்ரோக்காக (ராம் ஒருமுறை இறங்கி ஏறுவது) ஓட்டுவதே முறை. பிரேக்தான் உண்மையான தேர்வு. ராம் ஒவ்வொரு முறையும் மேல் முனையில் ஒரே இடத்தில் நிற்கிறதா? தாண்டிப் போனால் அன்றைக்கு டையைத் தொடவே வேண்டாம்.

ஹைட்ராலிக் அதிக நேரம் எடுக்கும், ஆனால் தவறைத் திருத்திக்கொள்ள இடம் தரும். அனுபவம் குறைந்த குழுவுக்கு அதையே சொல்வேன்.