மொட்டை மாடி அறை: ஷீட்டா, பஃப் பேனலா, கான்கிரீட்டா? கூடவே பாத்ரூம் கணக்கும்

வேலூரில் மொட்டை மாடியில் அறை போடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு காரணத்துக்காகப் போடுகிறார்கள். ஒன்று, வளர்ந்த பிள்ளைகளுக்குத் தனி அறை. இன்னொன்று, வாடகை. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்து வாரக்கணக்கில் தங்குகிற குடும்பங்கள் உண்டு. காட்பாடிப் பக்கம் விஐடி மாணவர்கள். எதற்காகப் போட்டாலும் மேஸ்திரியிடம் முதலில் கேட்பது, “ஷீட் போடலாமா, தளம் போடலாமா?” என்பதுதான். என் கட்சி வேறு. மேலே பாத்ரூம் வேண்டுமா, வேண்டுமென்றால் எங்கே என்பதை முதலில் முடிவு பண்ணுங்கள். கூரை விஷயத்தில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

போட்டியில் இருப்பவை மூன்று: கலர் ஷீட் (பெயின்ட் பூசிய தகரம்), பஃப் பேனல் (இரண்டு தகட்டுக்கு நடுவே நுரை வைத்தது), கான்கிரீட் தளம். செலவு இதே வரிசையில் ஏறும். எடையும் அப்படித்தான், ஆனால் கான்கிரீட் மற்ற இரண்டையும் விட்டு எங்கேயோ போய்விடும். ஐந்து அங்குலத் தளம் சதுர அடிக்கு ஏறக்குறைய 29 கிலோ. 12க்கு 15 அறை என்றால் தளம் மட்டும் ஐந்து டன்னைத் தாண்டும். சுவர் அதைவிட மோசம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் பத்தடி உயரத்துக்கு ஒரு ரன்னிங் அடிக்கே 400 கிலோ வரும். அறையைச் சுற்றி 54 அடி. கதவு, ஜன்னலைக் கழித்தாலும் பதினெட்டு டன் பக்கம் நிற்கும். அதையே ஏஏசி பிளாக்கில், அதாவது உள்ளே காற்றுக் குமிழ் வைத்த லேசான சிமெண்ட் கல்லில் கட்டினால் மூன்றில் ஒரு பங்குதான். ஷீட்டோ பேனலோ, இரும்புச் சட்டத்தோடு சேர்த்தாலும் கான்கிரீட் தளத்தில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

அதனால் கீழ் வீடு எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. சத்துவாச்சாரி மாதிரி புதிதாக வளர்ந்த பகுதிகளில், பில்லர் எழுப்பி, மூலைக்கு மூலை கம்பியை நீட்டி விட்டுக் கட்டிய வீடு என்றால் கான்கிரீட்டைப் பற்றி யோசிக்கலாம். அந்தக் கம்பி பல வருஷ மழையில் துரு உரிந்து மெலிந்திருந்தால், இன்ஜினியர் பார்க்காமல் அதில் புதுக் கம்பி கட்ட விடாதீர்கள். கொசப்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் மர உத்தரமும் சுண்ணாம்பும் செங்கல்லுமாகப் போட்ட மெட்ராஸ் டெரஸ் இன்னும் இருக்கிறது. அதன் மேல் கான்கிரீட் என்ற பேச்சே வேண்டாம்.

அடுத்தது வெயில். கத்திரியில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே யாருக்கும் செய்தியில்லை. “ஷீட் கொதிக்கும், தளம் குளிர்ச்சி” என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பகலுக்கு மட்டும் உண்மை. மதியம் இரண்டு மணிக்கு ஷீட் அறைக்குள் ஐந்து நிமிஷம் உட்கார முடியாது, சரி. ஆனால் தகரம் வாங்கிய சூட்டைப் பொழுது சாய்ந்ததும் விட்டுவிடும். கான்கிரீட் மெதுவாக வாங்கி மெதுவாக விடும். இரவு பத்து மணிக்குக் கட்டில் மேல் ஏறி நின்று சீலிங்கைத் தொட்டுப் பாருங்கள், உள்ளங்கையில் சூடு தெரியும். நாம் படுக்கப் போகும் நேரத்தில்தான் அது இறங்க ஆரம்பிக்கும். ஃபேன் அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளும். பகலில் காலேஜுக்குப் போய்விட்டு இரவு மட்டும் வருகிறவர்களுக்கு வெறும் கான்கிரீட் அறை நல்ல அறை இல்லை.

பஃப் பேனல் இந்த இடத்தில் இரண்டையும் ஜெயித்துவிடுகிறது. இரண்டு தகட்டுக்கு நடுவே 50 மில்லிமீட்டர் நுரை இருந்தால், சூட்டைத் தடுப்பதில் அது ஐந்து அங்குலக் கான்கிரீட்டைப் போல இருபது மடங்குக்கு மேல். ஏசி போடுவதாக இருந்தால் கரண்ட் பில்லில் தெரியும். கான்கிரீட் போட்டே தீருவது என்றால், மேலே தட்டோடோ வெள்ளை கூலிங் டைல்ஸோ பதித்துவிடுங்கள். குறைந்தது வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட். பெயின்டில் புழுதி படிந்தால் பலன் குறையும், வருஷா வருஷம் கோடைக்கு முன்னால் கழுவ வேண்டும். மேற்குச் சுவரை மறந்துவிட்டுக் கூரையில் மட்டும் காசைக் கொட்டுவதும் வீண்தான்.

பேனலுக்கும் குறை இல்லாமல் இல்லை. அதன் மேல் ஏறி வற்றல் காயவைக்க முடியாது. அது போனால் போகட்டும். நுரை தீப்பிடிக்கும் என்பதுதான் பெரிய விஷயம். சிஎம்சிக்கு வருகிற குடும்பங்கள் நோயாளிக்குப் பத்தியச் சாப்பாடு தாங்களே சமைக்க வேண்டும் என்று அறையிலேயே அடுப்பு கேட்பார்கள். அடுப்பு வைக்கப் போகிறீர்கள் என்றால் பஃப் வேண்டாம், நடுவில் ராக்வூல் (கல்லை உருக்கி இழுத்த பஞ்சு) வைத்த பேனல் வாங்குங்கள். எடை கொஞ்சம் கூடும், சூட்டைத் தடுப்பது கொஞ்சம் குறையும், ஆனால் எரியாது. ஷீட், பேனல் இரண்டிலும் ஒழுக்கு தொடங்குவது பெரும்பாலும் தகட்டில் இல்லை, ஸ்க்ரூவின் தலைக்குக் கீழே இருக்கும் கறுப்பு ரப்பர் வாஷரில். மலிவான வாஷர் நாலைந்து கோடையில் வெடித்துவிடும், ஐப்பசி மழையில் சொட்டும். கொட்டேஷன் வாங்கும்போது ஷீட்டின் கனத்தைக் கேட்கிற அளவுக்கு இந்த வாஷரைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இப்போது பாத்ரூம். மேல் பாத்ரூம், கீழ் பாத்ரூமுக்கு நேர் மேலே வர வேண்டும். காரணம் சாதாரணமானது. பழைய தளத்தில் பாத்ரூமுக்கென்று பள்ளம் விட்டிருக்க மாட்டார்கள். வேறு இடத்தில் போட்டால் தரையை முக்கால் அடி மேடாக்கி, செங்கல் துண்டு நிரப்பி, அதற்குள் பைப்பைப் புதைப்பார்கள். எடையும் கூடும், கசிந்தால் எங்கே என்றும் தெரியாது. நேர் மேலே என்றால் தளத்தில் ஓட்டை போட்டு, கீழ் பாத்ரூமின் சீலிங்குக்கு அடியில் பைப்பைத் தொங்கவிட்டு, ஒரு ஃபால்ஸ் சீலிங்கால் மறைத்துவிடலாம். சொட்டினால் பாத்ரூமுக்குள்தான் சொட்டும், படுக்கையறை நனையாது. கீழே பல வீடுகளில் நாலு பக்கமும் சுவர் இருப்பதால் எடையும் நேராக இறங்கும்.

தண்ணித் தொட்டிக்கும் இதே மூலைதான் தோது. மேல் பாத்ரூமுக்கு அழுத்தம் வர, தொட்டி அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன். ஷீட்டும் பேனலும் அதைத் தாங்காது. ஆக என் தேர்வு கலப்பு: பாத்ரூம் மூலைக்கு மட்டும் ஏஏசி சுவர், சின்னக் கான்கிரீட் தளம், அதன் மேல் தொட்டி. அறைக்குப் பேனல் கூரை. பேனலும் சுவரும் சேரும் இடத்தில், இடுக்கில் மழை இறங்காமல் மூடும் ஃப்ளாஷிங் தகட்டைச் சுவருக்குள் காடி வெட்டிச் செருகச் சொல்லுங்கள். சிலிக்கான் பூசி ஒட்டிவிட்டுப் போனால் அடுத்த மழைக்கே வழி விடும்.

இந்த வேலையோடு கீழ் பாத்ரூமையும் புதுப்பிப்பதாக இருந்தால் அதிலும் ஒரு போட்டி இருக்கிறது: பழைய டைல்ஸை உடைப்பதா, அதன் மேலேயே புது டைல்ஸ் ஒட்டுவதா? மேலே ஒட்டினால் தூசி இல்லை, வேலை சீக்கிரம் முடியும், காசும் மிச்சம். தரை அரை அங்குலம் போல உயரும், கதவின் அடியைச் சீவ வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஒரு ரூபாய் நாணயத்தால் டைல்ஸ் ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் சரி, பொக்கு சத்தம் வந்தால் அது பெயர்ந்திருக்கிறது. ஒன்றிரண்டு என்றால் அவற்றை மட்டும் எடுத்துச் சரி செய்யலாம். சுவர் முழுக்க அப்படி என்றால் உடைப்பதைத் தவிர வழியில்லை. பக்கத்து அறைச் சுவரில் அடிப்பாகம் உப்புப் பூத்து பெயின்ட் உரிந்தாலும் அதே தீர்ப்பு, ஏனென்றால் புது டைல்ஸ் கசிவை மூடி மறைக்குமே தவிர நிறுத்தாது. உடைத்தால் வாட்டர் ப்ரூஃபிங் பூசிய பிறகு, வாசலில் சிமெண்ட் வரப்பு கட்டி, இரண்டு நாள் தண்ணி தேக்கி வைத்துப் பார்த்துவிட்டே டைல்ஸ் பதிக்க விடுங்கள். மேஸ்திரி அவசரப்படுவார், விட்டுக்கொடுக்காதீர்கள்.

கம்மோடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வயதானவர்கள் இருந்தால் வெஸ்டர்ன். சுவரில் தொங்குகிற மாடல் கழுவ வசதி, ஆனால் மறைந்திருக்கும் டேங்கில் ரிப்பேர் வந்தால் உள்ளூர் பிளம்பர் தலையைச் சொறிவார்.

டைல்ஸ் போட்டியில், பழசை உடைக்கும் பக்கம் என்னைச் சாய வைப்பது தண்ணி விஷயம்தான். தோல் பதனிடும் ஷாப்புக் கழிவால் பாலாறு பாழானது பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996இல். ஆற்றோரத்துப் பல ஊர்களில் கிணற்று உப்பு இன்னும் போகவில்லை. ஆற்றைவிட்டுத் தள்ளியிருக்கும் இடங்களிலும் போர் தண்ணி பல வீடுகளில் கடினம்தான். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லை என்றால் 600 வரை. கடினமான தண்ணியில் கீசர் காயிலில் சுண்ணாம்பு ஏறும், ஷவர் கண்கள் அடைக்கும், கறுப்பு மேட் ஃபிட்டிங்கில் வெள்ளைத் திட்டு நிற்கும். சோலார் ஹீட்டர் வைப்பதானாலும் செம்புக் குழாய் வைத்த தட்டை மாடலைவிடக் கண்ணாடிக் குழாய் மாடலே இந்தத் தண்ணிக்குத் தாக்குப்பிடிக்கும். காவிரித் தண்ணி வருகிற வீடு என்றால், அதை ஷவர், கீசர், வாஷ்பேசினுக்குத் தனி லைனில் கொண்டு போய், போர் தண்ணியை ஃப்ளஷ் டேங்குக்கும் தரை கழுவும் குழாய்க்கும் மட்டும் விடலாம். அதற்கு மாடியில் இரண்டு தொட்டி வேண்டும், சுவருக்குள் இரண்டு வரிசை சிபிவிசி பிளாஸ்டிக் பைப் ஓட வேண்டும். டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்டிய வீட்டில் அது நடக்காது.