ராம்ஜி ராவா, தாசன்–விஜயனா, கிட்டுண்ணியா?

மலையாளக் காமெடி என்றால் எல்லாம் ஒரே ரகம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். டீக்கடை, மடித்துக் கட்டிய வேட்டி, வேலை இல்லாத இரண்டு பேர், வாசலில் கடன்காரன். உண்மையில் 1980களின் நடுவிலிருந்து பத்து வருடங்களுக்கு அங்கே மூன்று கடைகள் எதிரெதிரே வியாபாரம் செய்தன. ஒன்று பிரியதர்ஷனுடையது. இன்னொன்று சத்யன் அந்திக்காடு இயக்க, ஸ்ரீனிவாசன் எழுதியது. மூன்றாவது சித்திக்–லால் இரட்டையர். மூன்றிலும் நாயகன் கையில் காசு இருக்காது. காசில்லாத அந்த ஆளை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். அதை உரசிப் பார்க்க நம்மிடமே ஒரு நல்ல வழி இருக்கிறது: தமிழுக்கு வந்தபோது எது பிழைத்தது, எது பிழைக்கவில்லை என்று பார்ப்பது.

சுலபமாகப் பிழைத்தது சித்திக்–லால் சரக்கு. கொச்சி கலாபவன் மிமிக்ரி மேடையிலிருந்து வந்து, இயக்குநர் ஃபாசிலிடம் உதவியாளர்களாக இருந்தவர்கள் இவர்கள். முதல் படம் 1989இல் வந்த ‘ராம்ஜி ராவ் ஸ்பீக்கிங்’. மூடிக் கிடக்கும் நாடகக் கம்பெனியின் முதலாளி மன்னார் மத்தாயி, அவரோடு ஒண்டிக் கிடக்கும் இரண்டு இளைஞர்கள். பணக்காரர் ஒருவரின் மகளைக் கடத்தியவன் பணம் கேட்டுப் போன் போடுகிறான். டைரக்டரியில் நடந்த குளறுபடியால் மணி அடிப்பது இவர்கள் வீட்டில். ‘நடுவில் நின்று நாமும் கொஞ்சம் பார்த்துக்கொண்டால் என்ன’ என்று மூவருக்கும் தோன்றுகிறது. அதற்கப்புறம் கதை தானாகவே ஓடும். யாரும் சிரிப்பு மூட்டுவதற்காக எதையும் சொல்வதில்லை. மூவருமே பயத்தில் இருக்கிறார்கள், நாம் சிரிக்கிறோம்.

அதே படத்தில் கம்பளிப் போர்வைக் காட்சி ஒன்று உண்டு. கல்கத்தாவில் பெரிய வேலையில் இருப்பதாக வீட்டில் கதை அளந்து வைத்திருக்கிறான் அந்த இளைஞர்களில் ஒருவனாக வரும் முகேஷ். போனின் மறுமுனையிலிருந்து, வரும்போது கம்பளிப் போர்வை வாங்கி வரச் சொல்கிறார்கள். கையில் காசில்லை. உடனே லைன் சரியில்லாததுபோல் “ஹலோ, ஹலோ” என்று கத்த ஆரம்பிக்கிறான். அந்தப் பக்கம் குரல் உயர உயர, இவன் காது இன்னும் மந்தமாகிறது. இன்றும் மலையாளிகளிடம் கம்பளிப் போர்வை என்று சொல்லிப் பாருங்கள், சிரித்துவிடுவார்கள்.

இப்படிப்பட்ட கதைக்கு ஊர் முக்கியமில்லை. ஒரு போன், ஒரு பொய், மூன்று பயந்தாங்கொள்ளிகள் போதும். அடுத்த ஆண்டே ஃபாசில் அதைத் தமிழில் ‘அரங்கேற்ற வேளை’ ஆக்கினார். பிரபு, ரேவதி, வி.கே. ராமசாமி என்று ஆள் மாறினாலும் ரசம் குறையவில்லை. 2000இல் பிரியதர்ஷன் இந்தியில் ‘ஹேரா ஃபேரி’ எடுத்தார், அங்கேயும் கொண்டாடினார்கள். சித்திக் தனியாக எடுத்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ 2001இல் விஜய், சூர்யாவோடு தமிழுக்கு வந்தபோது நடந்தது இன்னும் பெரிய கூத்து. மலையாளத்தில் ஜகதி ஸ்ரீகுமார் செய்த பாத்திரம் இங்கே வடிவேலுவின் காண்ட்ராக்டர் நேசமணி. தலையில் சுத்தியல் விழும் காட்சி அங்கேயும் உண்டுதான். ஆனால் 2019இல் உலகம் முழுக்கப் பிரார்த்தனை கேட்டது நேசமணிக்குத்தான். ஜகதி பெரிய நடிகர், மறுப்பதற்கில்லை. இந்த ஒரு விஷயத்தில் என் ஓட்டு மதுரைக்காரருக்கு.

பிரியதர்ஷன் கடை வேறு மாதிரி. கதை நொண்டினாலும் பரவாயில்லை, காட்சி பறக்க வேண்டும். ‘கிலுக்கம்’ (1991) கதையைச் சொல்லச் சொன்னால் பாதிப் பேர் தடுமாறுவார்கள், கிட்டுண்ணிக்கு லாட்டரி விழுந்த காட்சியைக் கேட்டால் நடித்தே காட்டுவார்கள். படம் நடப்பது ஊட்டியில். வேலைக்காரர் கிட்டுண்ணியாக இன்னசென்ட். ரேவதி பரிசு எண்ணை ஒவ்வொன்றாகப் படிக்கிறாள், உண்மையில் பரிசு விழவே இல்லை, அவள் படிப்பது அவருடைய சீட்டில் இருக்கும் எண்ணைத்தான். முதலில் அலட்சியம், அப்புறம் சந்தேகம், கடைசி எண்ணில் மரம் சாய்வதுபோல் விழுகிறார். எழுந்ததும் முதல் வேலையாக முதலாளி திலகனிடம் போய், இத்தனை வருடம் அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டிவிடுகிறார். அவமானம் பிறகுதானே வரும்? அது வரும்போது பார்ப்பவருக்குப் பாவமாகவும் இருக்கும், சிரிப்பும் நிற்காது.

இந்தக் கடை சரக்கு தமிழுக்கு வந்தால் பாதிதான் தேறும். ‘தேன்மாவின் கொம்பத்து’ (1994) மறு ஆண்டு ‘முத்து’ ஆனது. மோகன்லாலின் மாட்டு வண்டிக்காரன் வழி தவறிக் கன்னடம் பேசும் ஊரில் மாட்டுவான், ரஜினியின் வண்டிக்காரன் கேரளத்தில் மாட்டுவார். முத்தம் பற்றிய ஜோக் அப்படியே இருக்கிறது. கூடவே ஜமீன் பிளாஷ்பேக், அப்பா வேடம், சாட்டை எல்லாம் சேர்ந்தன. ‘முத்து’ நல்ல பொழுதுபோக்கு, ஜப்பான் வரை போனது. ஆனால் மூலத்தில் இருந்த அந்த லேசான அசட்டுத்தனம் காணாமல் போய்விட்டது. ரஜினியை வைத்துக்கொண்டு அசடு வழியச் செய்வதற்கும் ஒரு எல்லை இருக்கிறதே.

மூன்றாவது கடைதான் எனக்கு உசத்தி, பயணத்துக்கு ஆகாததும் அதுதான். ‘நாடோடிக்காற்று’ (1987) எடுத்துக்கொள்ளுங்கள். கதை சித்திக்–லாலுடையது, திரைக்கதை ஸ்ரீனிவாசன் என்பது வேடிக்கையான விஷயம். பி.காம். படித்த கெத்து இன்னும் இறங்காத தாசன், அவனை ஓயாமல் கிண்டலடிக்கும் விஜயன். வேலை போகிறது, மாடு வாங்கிப் பால் விற்கப் பார்த்தால் அதுவும் கவிழ்கிறது. கடைசியில் கஃபூர்க்கா (மாமுக்கோயா) வருகிறார். தன் உரு (மரக்கப்பல்) கலிபோர்னியாவுக்குப் போவதாகவும், போகிற வழியில் துபாய்க் கரையில் இறக்கிவிடுவதாகவும் சொல்கிறார். இருவரும் அரபி உடையில் கரையேறுகிறார்கள். போர்டுகளில் தமிழ். வந்து சேர்ந்தது மெட்ராஸ்!

கேரளத்தில் அன்று வீட்டுக்கு வீடு வளைகுடாக் கனவு இருந்தது. ஏஜென்டிடம் காசு கொடுத்து ஏமாந்தவர் ஒவ்வொரு தெருவிலும் இருந்தார். அதனால்தான் அந்தக் காட்சியில் அங்கே அப்படிச் சிரித்தார்கள். இங்கே 1988இல் எஸ்.வி. சேகர், பாண்டியராஜனை வைத்துக் ‘கதாநாயகன்’ என்று எடுத்தார்கள், பார்க்கலாம். ஆனால் மெட்ராஸில் வந்து இறங்குவது ஒரு தமிழனுக்கு என்ன அதிர்ச்சி?

‘வரவேல்பு’ (1989) இன்னும் கடினம். வளைகுடாவில் சம்பாதித்த காசில் பஸ் வாங்கி ஊரில் பிழைக்க நினைக்கிறவனை, சொந்தக்காரர்கள் முதல் தொழிற்சங்கத் தலைவர் வரை சேர்ந்து ஒரு வழி பண்ணுகிறார்கள். ‘சந்தேசம்’ (1991) உச்சம். ஒரே வீட்டில் எதிரெதிர்க் கட்சியில் இரண்டு அண்ணன் தம்பிகள். சோற்றுக்கு வழி அப்பாவின் ஓய்வூதியம், சண்டையோ போலந்தைப் பற்றி. கம்யூனிஸ்ட் ஆட்சி அங்கே கவிழ்ந்து அதிக நாள் ஆகவில்லை. போலந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று இடதுசாரி அண்ணன் எகிறுகிறான். தேர்தலில் ஏன் தோற்றோம் என்ற கேள்விக்கு, கட்சித் தலைவராக வரும் நடிகர் சங்கராடி கட்சி வகுப்பின் கனத்த வார்த்தைகளாலேயே பதில் சொல்லித் திணறடிக்கிறார். இதைத் தமிழில் எப்படி எடுப்பது? நம் வீட்டுத் திண்ணையில் போலந்துக்காக யார் அடித்துக்கொண்டார்கள்? ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன்: அரசியலே வேண்டாம், படித்து வேலையைப் பார் என்ற உபதேசம் இப்போது பார்க்கையில் மேலோட்டமாகப் படுகிறது. அது வரும் வரை அந்தப் படத்துக்கு ஈடு இல்லை.

2000களில் வந்த நடிகர் திலீப் வகைக் கலகலப்பை நான் அதிகம் சிபாரிசு செய்ய மாட்டேன். ‘ஈ பறக்கும் தளிக’ நமக்கு ‘சுந்தரா டிராவல்ஸ்’ ஆகக் கிடைத்தது என்பதற்காக ஒரு நன்றி. நிறத்தையும் உடம்பையும் வைத்துச் செய்யும் கேலி அந்தக் காலப் படங்கள் பலவற்றில் நெளிய வைக்கும்.

புதியவர்களில் மூன்று கடையின் சாயலும் தெரிகிறது. ‘குருவாயூரம்பல நடையில்’ (2024) கிளைமாக்ஸில் ஊரே ஓடுவது அசல் பிரியதர்ஷன் கூட்டம். ‘பிரேமலு’ நாயகன் இங்கிலாந்து போக ஆசைப்பட்டு, விசா கிடைக்காமல் ஹைதராபாத்தில் வந்து நிற்கிறான், நேராகத் தாசன் வம்சம். திலீஷ் போத்தனின் ‘மகேஷின்டெ பிரதிகாரம்’ (2016) இடுக்கியை விட்டு நகராத படம். அதைத் தமிழில் ‘நிமிர்’ (2018) ஆக எடுத்தவர் யார் தெரியுமா? பிரியதர்ஷனேதான். கதை அப்படியே வந்தது. செருப்புப் போடாமல் திரியும் ஸ்டுடியோக்காரனைச் சுற்றியிருந்த அந்த மலையூர் மட்டும் வரவில்லை.

சரி, எதில் தொடங்குவது? வீட்டில் பெரியவர்களோடு உட்கார்ந்து பார்க்க சித்திக்–லாலின் ‘காட்ஃபாதர்’ (1991). தியேட்டரில் 400 நாளுக்கு மேல் ஓடியது சும்மா இல்லை. மலையாளம் அரைகுறையாகப் புரிந்தாலும் ‘கிலுக்கம்’ சிரிக்க வைக்கும். சத்யன்–ஸ்ரீனிவாசன் படங்களை மட்டும் டப்பிங்கில் தொடாதீர்கள். சப்டைட்டிலோடு, மூல மொழியில், ‘நாடோடிக்காற்று’ முதலில், ‘சந்தேசம்’ அப்புறம்.