ஆன்டிகுவாவில் ஸ்பானிஷ் படிக்கப் போகிறீர்களா? முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள்

குவாத்தமாலாவின் ஆன்டிகுவா நகரத்துக்குப் போய் ஸ்பானிஷ் படிக்கலாம் என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாகப் போங்கள். ஆனால் அங்கே போய் இறங்கி, வகுப்பில் உட்கார்ந்து பார்க்கும்வரை ஒரு வாரத்துக்கு மேல் எந்தப் பள்ளிக்கும் பணம் அனுப்பாதீர்கள். நான்கு வாரப் பேக்கேஜ், தள்ளுபடி, விமான நிலையத்திலிருந்து வண்டி இலவசம் என்றெல்லாம் சொல்வார்கள். என்னிடமும் சொன்னார்கள், நானும் நம்பி மொத்தமாகக் கட்டிவிட்டேன்.

நான் ஹூஸ்டனில் ஒரு கிளினிக்கில் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். செயலியில் கற்றது "வணக்கம், உட்காருங்கள்" என்பதைத் தாண்டவில்லை. ஆன்டிகுவாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அங்கே ஓர் ஆசிரியருக்கு ஒரே மாணவர் என்பதுதான் வழக்கம். தோட்டத்தில் சின்னச் சின்ன மேசைகள், எதிரெதிரே இரண்டு நாற்காலி, காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை பேச்சு. மதியம் உள்ளூர்க் குடும்பத்தின் வீட்டில் சாப்பாடு, தங்கல். ஸ்பெயினிலோ மெக்ஸிகோவிலோ இதே ஏற்பாட்டுக்கு ஆகும் செலவைவிட இங்கே குறைவாகத்தான் ஆகும்.

முதல் வாரம் குறையே இல்லை. நடுத்தர வயது ஆசிரியை, இருபது வருட அனுபவம். நான் கடந்த காலத்தில் தடுமாறும்போதெல்லாம் இலக்கணப் புத்தகத்தைத் திறக்காமல், "நேற்று சந்தையில் என்ன வாங்கினாய், சின்ன வயதில் என்ன வாங்குவாய்?" என்று மாற்றி மாற்றிக் கேட்டே ஸ்பானிஷில் இருக்கும் இரண்டு விதக் கடந்த காலங்களையும் பிரித்துக் காட்டினார். இதற்குத்தான் வந்தோம் என்று தோன்றியது.

இரண்டாம் திங்கட்கிழமை அவர் இல்லை. பதிலுக்கு ஒரு கல்லூரி மாணவர். நல்ல பையன்தான், ஆனால் அவருக்கு ஆங்கிலம் பழக ஆசை. நான் ஸ்பானிஷில் கேட்டால் அவர் ஆங்கிலத்தில் பதில் சொல்வார். புதன்கிழமை அவரும் போய் வேறொருவர் வந்தார். வெள்ளிக்கிழமை என் மேசையில் மூன்றாவது நாற்காலி ஒன்று போட்டிருந்தது. ஸ்பானிஷில் ஒன்று இரண்டு எண்ணத் தெரியாத ஓர் இளைஞர் அதில் உட்கார்ந்திருந்தார். "இன்று மட்டும்" என்றார் மேலாளர். அடுத்த வாரமும் அந்த நாற்காலி அங்கேயேதான் இருந்தது. தனி வகுப்புக்கு வாங்கிய கட்டணத்தில் ஒரு சென்ட் குறையவில்லை.

என்ன நடக்கிறது என்பது முதல் ஆசிரியையைத் தெருவில் பார்த்தபோதுதான் விளங்கியது. அங்கே ஆசிரியர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. மாணவர் இருந்தால் அந்த வாரம் கூலி, இல்லையென்றால் ஒன்றுமில்லை. நான் மணிக்குக் கட்டியதில் பாதிகூட அவர் கைக்குப் போகவில்லை. அதிகம் தரும் பள்ளி கூப்பிட்டதும் போய்விட்டார். யார்தான் போகமாட்டார்கள்? ஈஸ்டருக்கு முந்தைய வாரங்களில் கூட்டம் குவியும். ஆசிரியர் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பாராமல் பள்ளி எல்லோரிடமும் பணம் வாங்கிப் போட்டிருந்தது. மொத்தமாகக் கட்டியவர்கள் எங்கேயும் போகமுடியாது என்பதால் இருக்கிற நல்ல ஆசிரியர்களை வாராவாரம் கட்டுகிறவர்களுக்கே கொடுத்தார்கள். முழுப் பணமும் கட்டியவர்களுக்குக் கிடைத்த மரியாதை இதுதான்.

புனித வாரமும் அதற்குள் வந்துவிட்டது. நம் ஊர் மார்கழிக் கோலத்தைத் தெரு நீளத்துக்கு இழுத்துவிட்டதுபோல், சாயம் போட்ட மரத்தூளால் கம்பளம் கம்பளமாகப் போட்டு, அதன் மேல் ஊர்வலம் நடத்துகிறார்கள். கட்டாயம் பார்க்கவேண்டியது. ஆனால் வியாழன், வெள்ளி வகுப்பு இல்லை. பதிவு செய்யும்போது இதை யாரும் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளுக்கும் சேர்த்துத்தான் கட்டணம்.

குடும்பத்தோடு தங்குவது என்றார்களே, அது இன்னொரு கதை. அந்த வீட்டில் என்னோடு ஆறு மாணவர்கள். அமெரிக்கா, ஜெர்மனி, ஆஸ்திரேலியா. சாப்பாட்டு மேசையில் ஆங்கிலம் தவிர வேறு பேச்சில்லை. வீட்டுக்காரர்கள் எங்களுக்குப் பரிமாறிவிட்டு அடுக்களையில் தனியாகச் சாப்பிட்டார்கள். சைவம் என்று படிவத்தில் எழுதியிருந்தேன். முதல் நாள் இரவே கோழி வந்தது. அந்த அம்மா பதறிப்போய், பள்ளி தன்னிடம் எதுவுமே சொல்லவில்லை என்றார். அப்புறம் கறுப்புப் பீன்ஸ், முட்டை, சோளத் தோர்த்தியா, வறுத்த வாழைப்பழம் என்று எனக்காகவே செய்தார். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. சொல்லப்போனால், பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் நின்று அவரோடு பேசியதுதான் அந்த வாரங்களில் நான் கேட்ட நிஜமான ஸ்பானிஷ்.

பணத்தைத் திரும்பக் கேட்டேன். "திருப்பித் தருவதில்லை, இன்னொரு முறை வரும்போது கழித்துக்கொள்ளலாம்" என்றார்கள். எல்லாரும் வருடாவருடம் குவாத்தமாலாவுக்குப் போவோமா என்ன! பணம் அனுப்பிய விதமும் எனக்கு எதிராக இருந்தது. கமிஷன் மிச்சமாகும் என்று சொல்லி, பேபாலில் நண்பர்கள், குடும்பத்தினருக்கு அனுப்பும் முறையில் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அந்த முறையில் அனுப்பினால் பணம் கட்டியவருக்குப் பேபாலின் பாதுகாப்பு கிடையாது. எந்தப் பள்ளியாவது அப்படி அனுப்பச் சொன்னால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

ஓரளவு வேலை செய்தது ஒன்றே ஒன்று. குவாத்தமாலாவில் நுகர்வோர் சட்டப்படி வியாபாரம் செய்கிறவர்கள் புகார்ப் புத்தகம் வைத்திருக்கவேண்டும். "லிப்ரோ தே கேஹாஸ்" என்று கேளுங்கள். இதைச் சொல்லிக்கொடுத்ததும் அந்த வீட்டு அம்மாதான். நான் கேட்டதும் அதுவரை ஆங்கிலத்தில் சிரித்துக்கொண்டிருந்த மேலாளர் ஸ்பானிஷுக்கு மாறிவிட்டார், குரலும் இறங்கிவிட்டது. தியாகோ என்ற நுகர்வோர் அலுவலகம் இருக்கிறது, அங்கேயும் போவேன் என்றேன். கடைசி வாரக் கட்டணத்தில் பாதியை உள்ளூர்ப் பணமான கெட்சாலில், அவர்கள் வைத்த மாற்று விகிதத்தில் கொடுத்தார்கள். மீதி போனது போனதுதான். கட்டியதற்கு "ஃபக்தூரா" எனப்படும் முறையான பில்லை முதலிலேயே வாங்கிவைத்திருந்தால் புகார் இன்னும் வலுவாக இருந்திருக்கும். எனக்குக் கிடைத்தது கையால் எழுதிய துண்டுச் சீட்டு.

கிளம்பும்போது சான்றிதழ் கொடுத்தார்கள். பி1, அதாவது இடைநிலை, என்று போட்டு, முத்திரை குத்தி. ஒரு தேர்வும் வைக்கவில்லை. வேலைக்கோ விசாவுக்கோ இது உதவும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். ஸ்பெயின் அரசின் மொழி அமைப்பான செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்தும் தெலே தேர்வின் சான்றிதழுக்குத்தான் உலகம் முழுக்க மதிப்பு, அதற்குக் காலாவதியும் இல்லை. சியேலே என்ற இன்னொரு ஸ்பானிஷ் தேர்வின் மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும். "நான்கு வாரத்தில் சரளம்" என்ற விளம்பரத்தையும் இப்படியே கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் 20 மணி நேரம் என்றால் மொத்தம் 80. அமெரிக்கத் தூதரக ஊழியர்களுக்கு மொழி கற்பிக்கும் நிறுவனம், ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு ஸ்பானிஷுக்கு 600 வகுப்பு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்கிறது.

பள்ளியின் பெயரைப் போடவில்லை. அந்த ஊரில் பாதிப் பள்ளிகளின் பெயர் ஒன்றுபோலவே இருக்கும், நல்ல பள்ளி ஒன்று மாட்டிக்கொள்ளக்கூடாது. பெயருக்குப் பதில் நீங்கள் கேட்கவேண்டியதைச் சொல்கிறேன். வாராவாரம் கட்டலாமா? ஆசிரியர் பிடிக்கவில்லையென்றால் திங்கட்கிழமையே மாற்றுவீர்களா? வீட்டில் வேறு எத்தனை மாணவர்கள்? விடுமுறை நாள்களுக்குக் கழிவு உண்டா? இன்குவாத் என்ற சுற்றுலாத் துறையின் அனுமதி இருக்கிறதா? பதில்களை மின்னஞ்சலில் எழுதித்தரச் சொல்லுங்கள். தயங்காமல் எழுதித்தரும் பள்ளிகள் அங்கே இருக்கின்றன.

ஆங்கிலமே காதில் விழக்கூடாது என்பவர்கள் குவாத்தமாலாவிலேயே இருக்கும் கெட்சால்தெனாங்கோ நகரத்தைப் பாருங்கள். ஷேலா என்றால்தான் அங்கே எல்லாருக்கும் தெரியும். வெளிநாட்டுக்காரர்கள் ஆன்டிகுவாவைவிடக் குறைவு. 2,300 மீட்டர் உயரம், ஸ்வெட்டர் எடுத்துப்போங்கள்.