வேனுக்குச் சோலர் பூட்டப் போகிறவர்கள் பற்றுச்சீட்டைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

2025 மே 12ஆம் திகதி மட்டக்களப்பில் ஒரு கடையில் 265,000 ரூபா கொடுத்து எங்களுடைய வேனுக்குச் சோலர் பூட்டினேன். அந்தப் பணத்தில் ஒரு சதமேனும் திரும்பி வரவில்லை. வரும் என்ற எண்ணமும் இப்போது இல்லை. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் பேச்சு முழுவதும் அந்த ஒரு கடையைப் பற்றியதாகிவிடும். அதே சரக்கு அதே லேபிளோடு வேறு கடைகளிலும் அடுக்கியிருப்பதை நானே பிறகு கண்டேன்.

நானும் மனைவியும் வருடத்தில் ஒன்பது மாதம் ஒரு பழைய டொல்பின் வேனில் வாழ்கிறோம். நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, கல்லடி வீட்டை மகளிடம் விட்டுவிட்டு, வேனின் பின் ஆசனங்களைக் கழற்றிப் பலகைக் கட்டில் அடித்து, வாகரையிலிருந்து பாணமை வரை தெரிந்தவர்களின் தென்னங்காணிகளிலும் வயல் வாடிகளின் ஓரத்திலும் நிறுத்தித் தங்குகிறோம். மாரி தொடங்கினால் வீடு திரும்பிவிடுவோம். படத்தில் பார்ப்பவர்களுக்குக் கடலும் நிலவும் மட்டும்தான் தெரியும். இரண்டு கான் தண்ணீரை எண்ணி எண்ணிச் செலவழிப்பதும், கக்கூசுக்கு யாருடைய வளவைக் கேட்பது என்று அந்தியில் யோசிப்பதும் தெரியாது. அவையெல்லாம் பழகிவிட்டன. மின்சாரம் இல்லாமல் இருக்கத்தான் எங்களால் பழக முடியாது, ஏனென்றால் மனைவி இன்சுலின் போடுகிறவர். திறக்காத குப்பிகள் 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும்.

கடைக்காரர் நல்ல பேச்சுக்காரர். என் தேவையைக் கணக்காகவே அவரிடம் சொன்னேன்: 12 வோல்ற்றில் ஓடும் சிறிய குளிர்சாதனப் பெட்டி 45 வாற், நாளில் பாதி நேரம் ஓடினால் 540 வாற்-மணி, மின்விசிறியையும் விளக்குகளையும் சேர்த்தால் 800க்குள் அடங்கும். அவர் தந்தவை 250 வாற் பலகை இரண்டு, எம்பிபிடி கொன்ட்ரோலர் (பலகையின் முழு வலுவையும் வாங்கிப் பற்றரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் கருவி) ஒன்று, 200 அம்பியர்-மணி டீப் சைக்கிள் பற்றரி (நெடுநேரம் வற்ற எடுத்தாலும் தாங்கும் வகை) ஒன்று, இன்வேட்டர் ஒன்று. லேபிள் உண்மை பேசினால், பற்றரியிலுள்ள 2,400 வாற்-மணியில் (200 அம்பியர்-மணியை 12 வோல்ற்றால் பெருக்கினால் வருவது) பாதியை மட்டும் எடுத்தாலும் எங்களுக்கு ஒன்றரை நாள் தாங்கும். "சேர், நீங்க காட்டுக்குள்ள ஒரு கிழமை கிடந்தாலும் பயமில்ல" என்றார். பற்றுச்சீட்டில் 'சோலர் செட் 1' என்று ஒற்றை வரி எழுதினார். நானும் அதை மடித்துப் பொக்கற்றில் வைத்துக்கொண்டேன்.

ஜூன் கடைசியில் பாணமையில் நின்றோம். கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்கள் உகந்தையை நோக்கிச் சாரிசாரியாகப் போய்க்கொண்டிருந்த நாட்கள். கச்சான் காற்று பகல் முழுதும் அனலாக வீசியது, வானத்தில் மேகமே இல்லை, சோலருக்கு அதைவிட நல்ல காலநிலை கிடையாது. அப்படியிருந்தும் மூன்றாம் இரவு ஒன்றரை மணிக்குக் குளிர்சாதனப் பெட்டி கீச்சுக்கீச்சென்று கத்திவிட்டு நின்றது. மின்விசிறியும் மெல்லச் சுற்றி அடங்கியது. "இஞ்ச பாருங்க, பெட்டி நிண்டுட்டு" என்று மனைவி எழுப்பினார். டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தால் பற்றரி 10.9 வோல்ற். நிறைந்திருக்கும் ஈயப் பற்றரி ஓய்வில் 12.7 அளவில் காட்ட வேண்டும்; ஓய்வில் 12க்குக் கீழே இறங்கினாலே அதைத் தொடக் கூடாது. குப்பிகளைப் பொலித்தீன் பையில் கட்டி, ஒரு கோப்பைக்குள் வைத்து, ஈரமணல் நிரப்பிய மண்சட்டியில் இறக்கினோம். காலையில் பொத்துவிலுக்கு ஓடி ஐஸ் வாங்கி, குப்பி நேரே ஐஸில் படாதபடி துணி சுற்றி வைத்தோம், ஏனென்றால் உறைந்த இன்சுலினும் குப்பைக்குத்தான் போகும்.

அதன்பிறகுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். திரும்பும் வழியில் தெரிந்தவருடைய நெல் ஆலையில் பற்றரியைக் கழற்றித் தராசில் வைத்தோம்: 33 கிலோ. 200 அம்பியர்-மணி டீப் சைக்கிள் ஈயப் பற்றரி பொதுவாக 55 கிலோ அளவில் இருக்கும். ஈயத்தின் எடையை எவராலும் ஒளித்து வைக்க முடியாது. வெயிலில் ஓரம் சுருண்டிருந்த லேபிளை நகத்தால் இழுத்தபோது அதன் கீழே இன்னொரு லேபிள் இருந்தது. அது லொறிக்குப் போடும் பற்றரியின் லேபிள். லொறிப் பற்றரியின் தகடுகள் மெல்லியவை, எஞ்சினைக் கிளப்பும் சில வினாடிகளுக்குப் பெரிய மின்னோட்டத்தைக் கொடுப்பதற்காகச் செய்தவை. இரவு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக வற்ற வற்ற எடுத்தால் தகட்டிலுள்ள பொருள் உதிர்ந்து அடியில் படியும். டீப் சைக்கிள் என்பது தடித்த தகடு.

பலகைகளை அளந்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. முப்பது வருடம் மற்றவர்களின் காணியைப் பேர்ச்சஸ் கணக்கில் அளந்து கொடுத்தவன், தன் வேனின் கூரையில் ஏறியதை அளக்கவில்லை. ஒரு பலகை 1.20 மீற்றருக்கு 0.54 மீற்றர், அதாவது 0.65 சதுர மீற்றருக்குச் சற்றுக் குறைவு. உச்சி வெயில் ஒரு சதுர மீற்றரில் ஏறத்தாழ 1,000 வாற் தருகிறது, சந்தையிலுள்ள நல்ல பலகைகள் அதில் ஐந்தில் ஒரு பங்கை அல்லது சற்று அதிகமாக மின்சாரமாக்குகின்றன. அந்த அளவில் 250 வாற் பிறக்க வழியே இல்லை. 130 வந்தாலே பெரிய விடயம். மல்டிமீற்றரில் நடுப்பகலில் 6.4 அம்பியர்தான் கிடைத்தது. கொன்ட்ரோலரின் மூடியைத் திறந்தால் எம்பிபிடிக்கு இருக்க வேண்டிய செம்புக் கம்பிச் சுருளே உள்ளே இல்லை. சாதாரண கொன்ட்ரோலர் பலகையைப் பற்றரியின் வோல்ற்றளவுக்கு இழுத்துவிடும். ஆகவே 18 வோல்ற்றில் 115 வாற் தரக்கூடிய பலகை 13 வோல்ற்றில் 83 வாற்றோடு நின்றுவிட்டது. இன்வேட்டரைப் பற்றி எழுதினால் பதிவு நீளும். அதுவும் அந்த இனம்தான்.

ஏமாற்றின் பெரிய பாதி இதற்குப் பிறகே நடந்தது. ஜூலை முதல் வாரம் கடைக்குப் போனபோது அவர் சண்டை பிடிக்கவில்லை, மறுக்கவுமில்லை. தேநீர் எடுப்பித்தார். "கொழும்பிலிருந்து லோட் வந்த உடன உங்களுக்குத்தான் முதல்ல மாத்தித் தருவன் சேர்" என்றார். அடுத்த கிழமை, மறுகா அடுத்த கிழமை, கொடியேற்றம், திருவிழா, சாரதிக்குச் சுகமில்லை என்று ஓகஸ்ட் நடுப்பகுதி வரை போயிற்று. ஓகஸ்ட் 20ஆம் திகதி போனபோது முகம் மாறியிருந்தது. வாகனத்தில் ஆட்டிக்கொண்டு திரிந்தால் எந்தப் பற்றரியும் பழுதாகும் என்றும், பற்றுச்சீட்டில் 200 என்றோ டீப் சைக்கிள் என்றோ எங்கே இருக்கிறது என்றும் கேட்டார்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். என்னுடைய மூன்று மாதம் ஓகஸ்ட் 12ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. அந்தக் கணக்கு எனக்குத் தெரியாமல் இருந்தது. அவருக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். ஆகையால் கடைக்காரர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், அவர் சொன்ன முதல் நாள் பிந்தியவுடனேயே கடிதத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள், பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும். அதிகார சபையின் துரித இலக்கம் 1977. கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது வியாபாரியின் கடமை. பலகையின் வாற்றும் நீள அகலமும், பற்றரியின் வகையும் அம்பியர்-மணியும் எடையும், கொன்ட்ரோலரின் மாதிரி இலக்கமும், உத்தரவாத மாதங்களும் தனித்தனி வரிகளாக அதில் ஏறிய பிறகு பணத்தை எடுங்கள். எழுதத் தயங்குகிறவரிடம் பொருள் இல்லை. ஒரு அளவுநாடாவும் தொங்குதராசும் கையில் கொண்டு போங்கள். பக்கத்தில் நிற்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

இப்போது வேனில் வேறு பற்றரி இருக்கிறது, மட்டக்களப்பில்தான் வாங்கினேன், கடையிலேயே நிறுத்து வாங்கினேன். பழையதை மருமகன் தன்னுடைய லொறிக்குக் கொண்டுபோனார். திறப்பைத் திருப்பிய முதல் தடவையிலேயே ஸ்டார்ட் எடுக்கிறதாம்.