எம்.எஸ்சி., எம்.இ., எம்.பி.ஏ.: மதுரைப் பக்கத்திலிருந்து சுற்றுச்சூழல் படிக்க எது தோது?

மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதே பகுதியை உள்ளடக்கி 2024-இல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் நடந்தது. மேலூர் வட்டார மக்கள் திரண்டு எதிர்த்ததால் 2025 ஜனவரியில் அது ரத்தானது. இப்படியொரு விவகாரம் வந்தால் கண்மாய்த் தண்ணீரை எடுத்துச் சோதிப்பவர் ஒருவர், கழிவுநீர் நிலையத்துக்குக் கணக்குப் போடுபவர் இன்னொருவர், நிறுவனத்தின் சார்பில் அறிக்கை தயாரிப்பவர் வேறொருவர். மூவரையும் பொதுவாக 'சுற்றுச்சூழல் படித்தவர்' என்றுதான் சொல்வோம். படித்த பட்டம் வேறு, அன்றாட வேலை வேறு.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வேதியியல், தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியலில் பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல்தான் சரியான படி. பி.இ. சிவில், கெமிக்கல் முடித்தவர்களுக்கு எம்.இ. சுற்றுச்சூழல் பொறியியல். 'நிலைத்தன்மை (சஸ்டெயினபிலிட்டி) மேலாண்மை' என்ற பெயரில் வரும் எம்.பி.ஏ. மோசமான படிப்பு அல்ல. ஆனால் இரண்டு, மூன்று வருடம் களத்தில் வேலை பார்த்தவருக்கே அது பயன்படும்.

முதலில் எம்.எஸ்சி. நாகமலை அடிவாரத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆற்றல், சுற்றுச்சூழல், இயற்கை வளங்களுக்கென்றே தனிப் புலம் இருக்கிறது. எந்தக் கல்லூரியில் சேர்வதாக இருந்தாலும் விளம்பரத் தாளை ஓரமாக வைத்துவிட்டு ஆய்வகத்தைப் போய்ப் பாருங்கள். அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, பி.ஓ.டி. (நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவு) சோதனையை மாணவர்களே செய்கிறார்களா, ஆசிரியர் செய்துகாட்டுகிறாரா என்பது.

அந்த ஒரு சோதனையை ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்றால், கை பழகாத ஆளை அது உடனே காட்டிக்கொடுத்துவிடும். 300 மில்லி பாட்டிலில் மாதிரியை நீர்த்து ஊற்றி, இந்தியத் தர முறைப்படி 27 டிகிரியில் 3 நாள் வைக்க வேண்டும். வைப்பதற்கு முன்னும் பின்னும் கரைந்த ஆக்சிஜனை அளக்க வேண்டும். வீட்டுக் கழிவுநீரின் பி.ஓ.டி. லிட்டருக்கு 200 மில்லிகிராம் அளவில் இருந்தால், ஒரு பாட்டிலுக்கு 6 மில்லி மாதிரி போதும். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்குச் சுமார் 4 மில்லிகிராம் இறங்கும். கூடுதலாக ஊற்றினால் ஆக்சிஜன் முழுக்கத் தீர்ந்து பூஜ்யம் காட்டும், சோதனை வீண். லிட்டருக்குக் குறைந்தது 2 மில்லிகிராம் இறங்கியிருக்க வேண்டும், கடைசியில் 1 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். அப்போதுதான் அந்த அளவு செல்லும். மாதிரி எப்படிப்பட்டது என்று தெரியாதபோது இரண்டு, மூன்று விகிதங்களில் நீர்த்து வைப்பது அதனால்தான். வெள்ளிக்கிழமை வைத்த பாட்டிலைத் திங்கள்கிழமை எடுப்பார்கள். இடையில் மின்சாரம் போனால் இன்குபேட்டருக்கு மாற்று ஏற்பாடு உண்டா என்றும் கேளுங்கள். இதற்குப் பதில் சொல்லத் திணறும் துறையில் கருவிகள் பூட்டிய அலமாரியில்தான் இருக்கும்.

இந்தப் பட்டத்துக்கு அடுத்துத் திறக்கும் வேலை சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, அதாவது ஒரு திட்டத்தால் என்ன பாதிப்பு வரும் என்று முன்கூட்டியே ஆராய்வது. மத்திய அரசின் 2006 அறிவிக்கையின்படி நடக்கும் ஆய்வுகளில் வழக்கமாகத் திட்ட இடத்தைச் சுற்றி 10 கிலோமீட்டர் வரை, மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்துக்கான அடிப்படைத் தரவு திரட்டுவார்கள். காற்று மாதிரி வாரத்துக்கு இரண்டு என்றால் 12 வாரத்துக்கு ஓர் இடத்தில் 24 மாதிரிகள், ஒவ்வொன்றும் 24 மணி நேரம். கல்குவாரி ஓரத்தில் வெயிலில் கருவிக்குக் காவல் இருக்கும் வேலை இது. சம்பளம் தொடக்கத்தில் பெரிதாக இருக்காது, அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் பின்னாளில் யார் எழுதிய அறிக்கையையும் பார்த்து, எந்த எண் களத்தில் எடுத்தது, எது மேசையில் எழுதியது என்று கண்டுபிடிக்கும் திறன் இங்கேதான் வருகிறது. விரிவுரையாளராக விரும்புபவர்களுக்கு யு.ஜி.சி. நெட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல் தனிப் பாடமாகவே உண்டு.

எம்.இ. பக்கம் வந்தால் நுழைவு தெளிவு: பொறியியல் பட்டம் வேண்டும், பி.எஸ்சி. செல்லாது. முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வில் 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியலும் பொறியியலும் சேர்ந்து தனித் தாள். படிப்பின் உயிர் வடிவமைப்பு. 1,000 பேர் குடியிருக்கும் அடுக்குமாடிக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்றால் நாளுக்கு 1,35,000 லிட்டர் தண்ணீர். அதில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்று கொண்டால் 1,08,000 லிட்டர். இந்தக் கணக்கை எல்லாரும் போடுவார்கள். முதல் வருடம் வீடுகளில் மூன்றில் ஒரு பங்குதான் நிரம்பும், வருகிற கழிவு போதாமல் காற்றூட்டுத் தொட்டியிலுள்ள நுண்ணுயிர்கள் பட்டினியில் செத்துப்போகும் என்பதை நல்ல ஆசிரியர் மட்டும் சொல்வார். தொட்டியை ஒன்றாகக் கட்டாமல் இரண்டு, மூன்றாகப் பிரித்துக் கட்டினால் தேவைக்கேற்பத் திறந்துகொள்ளலாம். அரசு வேலைக்கும் வழி உண்டு. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பொறியாளர் பணிக்குப் பொறியியல் பட்டமும் சுற்றுச்சூழல் விஞ்ஞானி பணிக்கு அறிவியல் முதுகலையும் கேட்கிறார்கள். எம்.பி.ஏ. இந்த இரண்டுக்கும் ஆகாது.

அப்படியென்றால் எம்.பி.ஏ. எங்கே உதவும்? பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2022–23 நிதியாண்டு முதல், சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு நிலைத்தன்மை அறிக்கையைக் கட்டாயமாக்கியது. அவர்களுக்குச் சரக்கு கொடுக்கும் ஆலைகளிடமும் கார்பன் வெளியேற்றம் போன்ற எண்கள் கேட்கப்படுகின்றன. அடிப்படைக் கணக்கு எளிது. மின்வாரிய மின்சாரம் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, டீசல் லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ. மாதம் ஒரு லட்சம் யூனிட் இழுக்கும் நூற்பாலைக்கு மின்சாரத்தால் மட்டும் 70 டன். பிழை வருவது பெருக்கலில் அல்ல. ஆலை காற்றாலை மின்சாரமும் வாங்குகிறதா, ஜெனரேட்டர் டீசல் லாரி டீசலோடு ஒரே பில்லில் கலந்திருக்கிறதா என்று பார்க்காமல் விடுவதில்தான். இதைப் பிடிக்க ஆலைத் தளம் தெரிந்திருக்க வேண்டும். நேராகக் கல்லூரியிலிருந்து போகிறவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை. பல எம்.பி.ஏ. பாடத்திட்டங்களில் சுற்றுச்சூழல் என்பது ஒன்றிரண்டு விருப்பப் பாடங்களோடு முடிந்துவிடுகிறது என்பதையும் சேர்வதற்கு முன் பாருங்கள்.

பட்டத்தின் பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, இதில் பலர் ஏமாந்துபோகிறார்கள். பாடத்திட்டம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தாலும், சான்றிதழில் 'சுற்றுச்சூழல் மேலாண்மை' என்றும் அரசு அறிவிக்கையில் 'சுற்றுச்சூழல் அறிவியல்' என்றும் இருந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். இரண்டும் சமம் என்று அரசாணை இருந்தால்தான் ஏற்பார்கள். எனவே சேர்க்கைக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே, அந்தப் படிப்புக்கு இணைத்தன்மை அரசாணை உண்டா என்று அலுவலகத்தில் கேட்டு, உண்டென்றால் அதன் எண்ணையும் தேதியையும் எழுதி வாங்குங்கள். 'வந்துவிடும்' என்ற வாய்ச்சொல்லை நம்பி இரண்டு வருடத்தைக் கொடுக்காதீர்கள்.

மேலாண்மைப் பக்கமும் வேண்டும் என்கிறவர்களுக்குச் செலவு குறைந்த வழி ஒன்று உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு படிப்புகள் படிக்க யு.ஜி.சி. 2022 முதல் அனுமதிக்கிறது. எம்.எஸ்சி.யை நேரில் படித்துக்கொண்டே, இக்னோவின் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) சுற்றுச்சூழல் மற்றும் நிலைத்த வளர்ச்சி முதுகலைப் பட்டயத்தைத் தொலைநிலையில் சேர்த்துக்கொள்ளலாம். இக்னோவின் மண்டல மையம் மதுரையிலேயே இருக்கிறது. தேர்வுத் தேதிகள் மோதாதபடி, பட்டயத் தாள்களை எம்.எஸ்சி. செமஸ்டர் தேர்வு இல்லாத பருவத்துக்குத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.